கையொப்பத்துக்கு முன்

ஞானப்பெற்றோர் என்னும் உறவு திருமுழுக்குத் தொட்டியருகே ஒரே நாளில் ஏற்பட்டுவிடுகிறது. அந்த உறவு எதற்காக என்பது விளங்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. குழந்தைக்காக நாம் வாக்குக் கொடுக்கிறோம். அந்தக் குழந்தை வளர்ந்து, தானே ஒரு வாக்கைக் கொடுக்க வேண்டிய நாள் வரும்போது, "கொடுக்கலாமா?" என்று நம்மிடம் வந்து கேட்கிறது. அப்போதுதான் நாம் எதை ஏற்றுக்கொண்டோம் என்பது நமக்கே புரிகிறது.

எங்கள் இளைய சகோதரரின் மகன் அமெரிக்காவில், ஒகையோ மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவன். அவனுக்கு நாங்கள் பெரியப்பா, பெரியம்மா, ஞானப்பெற்றோரும் நாங்களே. பொறியியல் படிக்க விரும்புகிறவன். அந்நாட்டில் கல்லூரிக் கட்டணம் நடுத்தரக் குடும்பத்தின் முதுகை ஒடித்துவிடும். கடன் வாங்கிப் படித்தோர் நாற்பது வயதிலும் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெற்றோரைக் கடனாளியாக்காமல் படிக்க இரண்டு வழிகளை அவன் கண்டுபிடித்திருந்தான். இரண்டும் இராணுவத்தின் வழிகள். பதினேழு வயதில், பள்ளி இறுதியாண்டில், தொலைபேசியில் அழைத்து, "பெரியப்பா, நீங்களும் பெரியம்மாவும் யோசித்துச் சொல்லுங்கள்" என்றான். இந்தக் கேள்வியோடு நாங்கள் பல மாதங்கள் வாழ்ந்தோம்.

முதல் வழி, ஆர்.ஓ.டி.சி. எனப்படும் அதிகாரிப் பயிற்சித் திட்டம். 1916-ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் இதை உருவாக்கியது. பொதுப் பல்கலைக்கழகங்களில் மட்டுமன்று, நோத்ர் தாம், ஜார்ஜ்டவுன் போன்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களிலும் இது நடைபெறுகிறது. தரைப்படையின் உதவித்தொகை பெறும் மாணவனுக்குக் கல்விக் கட்டணத்தை இராணுவம் செலுத்துகிறது. புத்தகங்களுக்கு ஆண்டுக்கு 1,200 டாலர், கைச்செலவுக்கு மாதம் 420 டாலர் தருகிறது. மாணவன் அதிகாலையில் உடற்பயிற்சி செய்ய வேண்டும். இராணுவப் பாடங்களைப் படிக்க வேண்டும். கோடையில் கென்டக்கி மாநிலத்து நாக்ஸ் கோட்டையில் முகாமிட வேண்டும். பட்டம் பெறும் நாளில் அவன் செகண்ட் லெப்டினன்ட் ஆகிறான். அதற்கு ஈடாக எட்டு ஆண்டுகள் அவன் இராணுவத்துக்கு உரியவன். அவற்றுள் வழக்கமாக நான்கு ஆண்டுகள் முழுநேரப் பணி; எஞ்சியவை சேமப் படையில்.

இரண்டாம் வழி, தேசியக் காவற்படை. இதில் சேர்பவன் சாதாரணப் படைவீரன். முதலில் பத்து வாரம் அடிப்படைப் பயிற்சி. பின்னர் அவன் தேர்ந்துகொண்ட தொழிலில் பயிற்சி. அதன் பிறகு மாதத்துக்கு ஒரு வார இறுதியும் ஆண்டுக்கு இரண்டு வாரமும் சீருடை அணிந்தால் போதும். மற்ற நாள்களில் அவன் பிறரைப் போன்ற மாணவன். ஒகையோவில் ஆறாண்டு ஒப்பந்தம் செய்வோருக்கு மாநிலப் பல்கலைக்கழகக் கட்டணத்தை மாநிலமே செலுத்துகிறது. ஆனால் பதினெட்டு வயது நிரம்பாதவன் சேர வேண்டுமானால் பெற்றோர் கையொப்பமிட வேண்டும். எங்கள் சகோதரரின் வீட்டு மேசையில் அந்தத் தாள் வாரக்கணக்கில் கிடந்தது. அவன் தாய் அதை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

காசுக் கணக்கில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறையச் சமம். காலக் கணக்கில் அப்படியன்று. அதிகாரிப் பயிற்சியில் இருப்பவனைப் பட்டம் பெறும்வரை போருக்கு அனுப்புவதில்லை, படிப்பு முறியாது. காவற்படையில் இருப்பவனைப் பருவத்தின் நடுவிலும் அழைக்கலாம். 2001-க்குப் பிறகு ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் நடந்த போர்களுக்கு இப்படிப் பல்லாயிரவர் அழைக்கப்பட்டனர். தேர்வு எழுத வேண்டிய மாணவர்கள் பாலைவனத்தில் லாரி ஓட்டினார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தும் வீடு திரும்ப விடாமல் நிறுத்தி வைக்கப்பட்டோரும் உண்டு. 'மாதத்தில் ஒரு வார இறுதி' என்னும் சொற்றொடரை நம்பிச் சேர்ந்த குடும்பங்களுக்கு அது பெரும் பாடம்.

மறுபுறம், காவற்படையின் பணிகளில் நாம் மனமாரப் போற்றத்தக்கவையும் உண்டு. 2005-இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்சை மூழ்கடித்தபோது கூரைகளின்மேல் தவித்தவர்களை மீட்டவர்களுள் இவர்களும் இருந்தார்கள். 2020-இன் பெருந்தொற்றுக் காலத்தில் உணவு வங்கிகளில் மூட்டை சுமந்தார்கள். எங்கள் பிள்ளையின் மனம் முதலில் இதன் பக்கமே சாய்ந்தது. "மருத்துவ உதவியாளனாகச் சேரலாம், பெரியம்மா. காயம்பட்டவனுக்குக் கட்டுப் போடுவதில் என்ன பாவம்?" என்று கேட்டான். அதில் பாவமில்லை. ஆனால் எந்த இடத்தில் நின்று கட்டுப் போடுவது என்பதைக் கட்டுப் போடுகிறவன் முடிவு செய்வதில்லை.

இதை எண்ணும்போது அவன் மாநிலத்திலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி எங்கள் நினைவுக்கு வந்தது. 1970-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள், ஒகையோவின் கென்ட் பல்கலைக்கழகத்தில், வியட்நாம் போரைக் கம்போடியாவுக்குள்ளும் விரித்ததை எதிர்த்து மாணவர்கள் கூடினர். இரு நாள்களுக்கு முன் அங்கிருந்த ஆர்.ஓ.டி.சி. கட்டடம் தீக்கிரையாகியிருந்தது. ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஒகையோ தேசியக் காவற்படையினர் மாணவர்களை நோக்கிச் சுட்டார்கள். பதின்மூன்று வினாடிகள். நான்கு மாணவர்கள் இறந்தார்கள். ஒன்பது பேர் காயமுற்றார்கள். இறந்தவர்களுள் ஒருவர் வில்லியம் ஷ்ரோடர், வயது 19. அவர் ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகையில் படித்துக்கொண்டிருந்தவர்.

எங்கள் ஞானமகனின் மேசையில் கிடந்த இரண்டு தாள்களும் அன்று அந்தப் புல்வெளியில் எதிரெதிராக நின்றன. ஒரு தாளில் கையொப்பமிட்டவர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். மற்றத் தாளில் கையொப்பமிட்டவர் குண்டடிபட்டு விழுந்தார். அவர்களுள் எவரும் அந்த நாளுக்காகக் கையொப்பமிடவில்லை. இது அரைநூற்றாண்டுக்கு முந்திய செய்திதானே என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. 2025 ஆகஸ்டில் ஒகையோ உள்ளிட்ட சில மாநிலங்களின் காவற்படையினர் வாஷிங்டன் நகரத் தெருக்களில் காவல் நிற்க அனுப்பப்பட்டார்கள். வெள்ளத்தில் மக்களை மீட்கச் சேர்ந்தவனை, ஆணை ஒன்று மாறினால், அதே மக்களின் முன் காவலுக்கு நிறுத்தலாம்.

அதிகாரியாவது மேலல்லவா என்று சிலர் கேட்பார்கள். உறுதிமொழிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது நாங்கள் ஒரு வேறுபாட்டைக் கண்டோம். படைவீரனின் உறுதிமொழியில் அரசியல் சாசனத்தைக் காப்பதோடு, குடியரசுத் தலைவருக்கும் மேலதிகாரிகளுக்கும் கீழ்ப்படிவேன் என்னும் வாக்கும் உண்டு. காவற்படையில் மாநில ஆளுநருக்கும் கீழ்ப்படிதல் சேர்கிறது. அதிகாரி பதவியேற்கும்போது எடுக்கும் உறுதிமொழியில் அந்தக் கீழ்ப்படிதல் வாக்கு இல்லை. சாசனத்தைக் காப்பதும் கடமையைச் செவ்வனே ஆற்றுவதுமே உண்டு. ஆணை முறையானதா என்று எடைபோடும் சுமை அதிகாரியின் தோளில் கூடுதலாக விழுகிறது என்று நாங்கள் இதைப் புரிந்துகொண்டோம். முப்பது, நாற்பது பேரை அழைத்துச் செல்லும் இருபத்திரண்டு வயது இளைஞன் தன் ஆன்மாவுக்கு மட்டும் பொறுப்பாளியல்லன். ஆகவே உதவித்தொகை வழி எளிய வழியன்று. படிப்புக்குப் பாதுகாப்பானது, மனச்சான்றுக்குப் பளுவானது.

திருச்சபை இவ்விடத்தில் நம்மைக் கைவிடவில்லை. எளிதான விடையையும் தரவில்லை. நாட்டுப் பற்றோடு படையில் பணிபுரிவோரை மக்களின் பாதுகாப்புக்கும் விடுதலைக்கும் பணியாளர்களாகக் கருதுகிறது இரண்டாம் வத்திக்கான் சங்கம். அதே ஏட்டில், 1965-இல், மனச்சான்றின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுப்போருக்குச் சட்டம் இடமளிக்க வேண்டும் என்றும் அது கேட்டது. திருமுழுக்கு யோவான் தம்மிடம் வந்த படைவீரர்களை வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. எவரையும் அச்சுறுத்திப் பறிக்காதிருக்கவும், கிடைக்கும் ஊதியத்தில் நிறைவடையவும் சொன்னார். ஆனால் தூர்ஸ் நகரப் புனித மார்ட்டினோ, தம் போர்வையைப் பிச்சைக்காரனோடு பகிர்ந்த அதே படைவீரர், பின்னொரு நாள் பேரரசன் முன் நின்று இனிப் போரிடேன் என்று சொன்னதாக வரலாறு கூறுகிறது. கோழை என்று ஏசியபோது, ஆயுதமின்றிப் படையின் முன்வரிசையில் நிற்க முன்வந்தாராம்.

நம் காலத்துக்கு அண்மையில் அருளாளர் பிரான்ஸ் யாகெர்ஸ்டாட்டர் இருக்கிறார். ஆஸ்திரிய நாட்டு உழவர். முதலில் இராணுவப் பயிற்சிக்குச் சென்று வந்தவர்தாம். இட்லரின் போர் அநீதியானது என்று தெளிந்தபின், 1943-இல் மீண்டும் அழைக்கப்பட்டபோது மறுத்தார். மனைவியும் மூன்று பெண்குழந்தைகளும் இருந்தும் மறுத்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் தலை வெட்டப்பட்டது. 2007-இல் திருச்சபை அவரை அருளாளராக உயர்த்தியது. சீருடையைப் போட்டுக்கொண்ட பிறகும் மனச்சான்று விழிக்கலாம் என்பதற்கு அவர் சாட்சி. அப்படி விழித்தால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கும் அவரே சாட்சி.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. எல்லாப் போர்களையும் மறுப்பவனை அது மனச்சான்றின்படி மறுப்பவனாக ஏற்கிறது. 'இந்தப் போர் மட்டும் அநீதியானது' என்பவனை ஏற்பதில்லை. 1971-இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் நீதியான போர், அநீதியான போர் என்று பகுத்தறிய வேண்டும் என்பதே திருச்சபையின் மரபு. அந்நாட்டு ஆயர்கள் 1968 முதல் இந்தச் சட்டத்தை மாற்றக் கோரி வந்திருக்கிறார்கள். 2003-இல் ஈராக் போரைத் தடுக்கத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கர்தினால் பியோ லாகியை வாஷிங்டனுக்கே அனுப்பினார். போர் நிற்கவில்லை. அன்று படையில் இருந்த கத்தோலிக்க இளைஞன் திருத்தந்தையின் சொல்லுக்கும் தன் ஒப்பந்தத்துக்கும் இடையே நின்றான். அவனுக்குச் சட்டத்தில் வாயில் இல்லை. இதை எங்கள் பிள்ளைக்கு மறைப்பது அன்பாகாது என்று எண்ணினோம்.

எங்கள் இருவருக்கும் கருத்து ஒன்றாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்களுள் ஒருவர், ஏழைகளின் பிள்ளைகள் மட்டுமே சுமக்கும் பாரத்தை நம் பிள்ளையும் சுமந்தால் என்ன, நல்லவர்கள் விலகிக்கொண்டால் அந்தப் படையை யார் நல்வழியில் நடத்துவார் என்று கேட்டார். மற்றவர், கட்டணம் கட்ட முடியாத பதினேழு வயதுப் பிள்ளையின் சம்மதம் முழுச் சம்மதமா என்று கேட்டார். இரண்டு கேள்விகளும் நேர்மையானவை. ஒன்று மற்றொன்றை வெல்லவில்லை.

இறுதியில் நாங்கள் விடை கூறவில்லை. மூன்று கேள்விகளை எழுதி அனுப்பினோம். பணம் வேறு வழியில் கிடைத்தால் அப்போதும் இதில் சேர்வாயா? உன் ஆணையால் ஒருவன் இறந்தால், அவன் தாயின் முன் நின்று காரணம் சொல்ல உன்னால் இயலுமா? முடியாது என்று மறுக்க வேண்டிய நாளில், பட்டத்தையும் பணத்தையும் இழக்க உனக்குத் துணிவு உண்டா? இவற்றோடு ஒரு செய்தியையும் நினைவூட்டினோம். நான்காண்டு உதவித்தொகை பெறுவோருக்கு முதலாண்டில் கடப்பாடு எதுவும் இல்லை. இரண்டாமாண்டு தொடங்கும்போதுதான் அது உறுதியாகிறது. அதன்பின் விலகினால் செலவைத் திருப்பிக் கட்டவோ, சாதாரணப் படைவீரனாகப் பணியாற்றவோ நேரும். காவற்படைத் தாளிலோ கையொப்பமிட்ட நாளே கட்டு விழுந்துவிடுகிறது. மனச்சான்று பண்படக் காலம் தேவை. காலம் தரும் வழியைத் தேர்ந்துகொள் என்றோம்.

காவற்படைத் தாளில் அவன் தாய் கையொப்பமிடவில்லை, அவனும் வற்புறுத்தவில்லை. உதவித்தொகையை ஏற்று இப்போது முதலாண்டு படிக்கிறான். அதிகாலையில் ஓடுகிறான், ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் செல்கிறான், பல்கலைக்கழக ஆன்ம குருவோடு இது குறித்துப் பேசுவதாகவும் எழுதியிருக்கிறான். முதலிரண்டு கேள்விகளுக்குத் தன்னிடம் விடை இருக்கிறதாம். மூன்றாவதற்கு இன்னும் இல்லையாம்.

இரண்டாமாண்டு தொடங்க இன்னும் சில மாதங்கள் உள்ளன. மாலைச் செபமாலையில் ஒரு பத்து மணியை அவனுக்காக ஒப்புக்கொடுக்கிறோம். அவன் சேர வேண்டும் என்றோ, விலக வேண்டும் என்றோ நாங்கள் வேண்டுவதில்லை. எந்தச் சொல்லைச் சொன்னாலும் அதன் முழு எடையையும் அறிந்தவனாய்ச் சொல்ல வேண்டும் என்றே மன்றாடுகிறோம்.