ஃபிளாய்டு மேல கை வைக்காதே!

மேன்ஷனில் என் அறை நண்பன் பிங்க் ஃபிளாய்டு பக்தன். 1979-ல் அவர்கள் மயக்கத்தில் மிதக்கவிட்ட 'கம்ஃபர்டப்ளி நம்ப்' பாட்டை, 2004-ல் 'சிஸர் சிஸ்டர்ஸ்' கோஷ்டி கீச்சுக் குரலில் டிஸ்கோவாக்கியது. அதைப் போட்டுக் காட்டினேன். "சாமி பாட்டுக்கு ரெக்கார்டு டான்ஸ் ஆடுற மாதிரி இருக்குடா!" என்றவன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் பி.காம். அசலோடு ஒப்பிட்டு 'ட்ரூ காப்பி' முத்திரை குத்துவது ஆபீசுக்குச் சரி. பாட்டுக்கு எதற்கு சார்? 1973-ல் வந்த 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தை 2005-ல் 'ட்ரீம் தியேட்டர்' மேடையில் முழுசாக வாசித்தது. வித்வான்கள்தான். ஆனால், நான் சொக்கியது 2003-ல் 'ஈஸி ஸ்டார் ஆல் ஸ்டார்ஸ்' அதையே ரெகேயில் போட்ட 'டப் சைட் ஆஃப் தி மூன்' கேட்டுத்தான். 'மனி' பாட்டின் ஆரம்பத்தில் கல்லாப்பெட்டிச் சத்தத்துக்குப் பதில், புகை இழுத்து இருமும் சத்தம்! சிரித்து முடித்து அசலைப் போட்டால், அதுவும் புதுசாகக் கேட்டது.

நண்பன் அறையைக் காலி செய்த அன்று அதையும் போட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டி கட்டினான். ஆறு மாதம் மூச்சே இல்லை.

போன வாரம் போன். "மச்சி, அந்த இருமல் பாட்டு... பேரு என்னடா?"

சமாதானத்துக்கு இது போதாதா?