சிலுவைக்குச் செல்லும் முகட்டுப் பாதை

மலைக்கும் மறைக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. மோயீசன் சீனாய் மலை ஏறினார். எலியாஸ் ஓரேபுக்குச் சென்றார். நம் ஆண்டவரும் செபிக்க மலைகளையே நாடினார். 1922-இல் பதினோராம் பத்திநாதர் என்னும் பெயருடன் பாப்பரசரான அக்கில்லே ராத்தி அவர்கள், குருவாக இருந்த காலத்தில், 1889-இல் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோந்தே ரோசாவை அதன் கடினமான கிழக்குப் பக்கமாக ஏறி முடித்தவர். இவற்றையெல்லாம் மறையுரைகளில் நான் பலமுறை எடுத்துரைத்ததுண்டு. ஆனால், மலையே எனக்கு மறையுரை ஆற்றியது அயர்லாந்து நாட்டில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், அந்நாட்டின் தென்மேற்கே கெரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், விடுப்பில் சென்ற பங்குத்தந்தைக்குப் பதிலாக ஒரு மாதம் பணியாற்றினேன். அயர்லாந்து நமக்கு முற்றிலும் அந்நிய நாடு அன்று. 1842-இல் சென்னை வந்து, பெண்கல்விக்கு விளக்கேற்றிய காணிக்கை அன்னை சபைக் கன்னியர் அம்மண்ணிலிருந்து வந்தவர்களே.

அங்கே என் அறைச் சன்னலைத் திறந்தால் கண்ணில் படுவது மக்கில்லிகடி ரீக்ஸ் மலைத்தொடர். அயர்லாந்தின் மிக உயர்ந்த சிகரமான கரன்ட்டூஹில் இதில்தான் உள்ளது. உயரம் சுமார் 1,039 மீட்டர். அதன் இருபுறமும் பீன்கெரா, காஹர் என்னும் சிகரங்கள். மூன்றும் சேர்ந்து கூம்லாக்ரா ஏரியைக் குதிரை லாடம்போல் வளைத்து நிற்கின்றன. ஒரு முனையில் ஏறி, முகட்டின் வழியே மூன்று சிகரங்களையும் கடந்து, மறுமுனையில் இறங்கினால் புறப்பட்ட இடத்திற்கே வந்துவிடலாம். ஏறத்தாழ 13 கிலோமீட்டர். ஒரு பகல் முழுதும் வேண்டும்.

நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமாயிற்றே, இது எம்மாத்திரம் என்று எண்ணினேன். தொட்டபெட்டாவின் உச்சிக்கு அருகே வரை வண்டி செல்கிறது என்பதை என் செருக்கு வசதியாக மறந்துவிட்டது.

வழித்துணையாக வந்தவர் அப்பங்கின் கோயிற்பணியாளர். அறுபது வயதைக் கடந்தவர், ஆடு வளர்ப்பவர், அதிகம் பேசாதவர். அதிகாலைத் திருப்பலி முடித்துப் புறப்பட்டோம். நீர்மின் திட்டத்திற்காகப் போடப்பட்ட செங்குத்தான சிமெண்டுச் சாலை முதல் அரைமணியிலேயே என் மூச்சை வாங்கியது. பின்னர் ஈரப்புல், அதன்பின் உருண்டு கிடக்கும் கற்கள். பனியாறுகள் பண்டைக் காலத்தில் குடைந்தெடுத்த பள்ளங்களில் கரிய நீர் தேங்கியிருந்தது. பீன்கெரா என்பதற்கு ‘ஆடுகளின் சிகரம்’ என்று பொருளாம். நான் தவழ்ந்து ஏறிய சரிவில் அவை நின்று மேய்ந்துகொண்டிருந்தன!

பீன்கெராவிற்கும் கரன்ட்டூஹிலுக்கும் இடையே உள்ள முகடுதான் இப்பயணத்தின் சோதனைக் களம். நீளம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. வலப்புறம் கீழே ஏரி; இடப்புறம் ‘கிழவியின் பள்ளத்தாக்கு’ என வழங்கும் பாதாளம். நடுவே கத்திமுனைபோல் அடுக்கடுக்காய்ப் பாறைகள். பாதை பெரும்பாலும் ஏரிப் பக்கமாக, உச்சிக்குச் சற்றுக் கீழே செல்கிறது. பாதி வழியில் அட்லாண்டிக் கடலிலிருந்து மேகம் ஏறிவந்து எங்களை மூடியது. பாறை ஈரமாயிற்று. என் முழங்கால்கள் நடுங்கின. முன்னே செல்லவும் துணிவில்லை. பின்னே திரும்பவும் வழியில்லை. ஒரு பாறையை மார்போடு அணைத்துக்கொண்டு அசையாது நின்றுவிட்டேன். வாய் ‘அருள்நிறைந்த மரியே’ சொல்லியது, கால் நகரவில்லை.

அப்பெரியவர் திரும்பி வந்தார். “அஞ்சாதீர்கள்” என்று அவர் சொல்லவில்லை. “ஃபாதர், பாறையை அணைக்காதீர்கள். அணைத்தால் கால் வழுக்கும். நிமிர்ந்து நின்றால்தான் பாதம் கல்லைப் பற்றும்” என்றார். பிறகு குனிந்து, என் வலக் காலணியைப் பிடித்து, ஒரு விளிம்பில் எடுத்து வைத்தார். அடுத்து இடக்கால். இவ்வாறு பத்துப் பன்னிரண்டு அடிகள். அதன்பின் என்னால் தானாகவே நடக்க முடிந்தது.

உச்சியில், மேகத்தினூடே சிலுவை தெரிந்தது. 1950-களில் அங்கு ஒரு மரச்சிலுவை நின்றது. 1976-இல் ஐந்து மீட்டர் உயர இரும்புச் சிலுவை நிறுவப்பட்டது. 2014 நவம்பரில் யாரோ அதனை வெட்டிச் சாய்த்தனர். சில நாட்களுக்குள் ஊர் மக்கள் அதனை மீண்டும் நிமிர்த்தினர். அதன் அடியில் அமர்ந்து செபமாலையில் ஒரு பத்து மணி சொன்னோம். அங்கேயே இருந்துவிட வேண்டும் போலிருந்தது. தபோர் மலையில் கூடாரம் அடிக்க விரும்பிய இராயப்பரை அன்று நன்றாகப் புரிந்துகொண்டேன். பெரியவரோ எழுந்து, “இன்னும் காஹர் இருக்கிறது. இறங்குகையில்தான் கவனம் வேண்டும்” என்றார். நீண்ட முகட்டைக் கடந்து, ஏரிக்கரை வழியே சாலையை அடைந்தபோது மாலை ஆகிவிட்டது.

அன்பு வாசகர்களே, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கால்வலி மட்டும் காரணமன்று. நான் அயர்லாந்து புறப்படுவதற்கு முந்திய வாரம், என் பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் கடன் தொல்லையால் மனமுடைந்து என்னிடம் வந்தார். “அஞ்சாதீர், ஆண்டவரை நம்பும்” என்று சொல்லி, ஆசீர் அளித்து அனுப்பினேன். சொன்னது உண்மையே, ஆனால் போதுமானதா? அவரும் ஒரு பாறையை அணைத்துக்கொண்டு நின்றவர்தானே. அவர் காலை எங்கே வைப்பது என்று நான் காட்டவில்லை. குனியவும் இல்லை.

ஊர் திரும்பிய மறுநாளே அவர் இல்லம் சென்றேன். கணக்கு நோட்டை எடுத்துவரச் சொன்னேன். யாருக்கு எவ்வளவு, வட்டி என்ன, எதை முதலில் அடைப்பது என்று அவர் மனைவியையும் அமரச் செய்து எழுதினோம். அடுத்த வாரம் கடன் கொடுத்தவரிடம் அவரோடு நானும் சென்று தவணை கேட்டேன். கடன் இன்னும் முழுதும் தீரவில்லை. ஆனால், அவர் இப்போது நிமிர்ந்து நடக்கிறார்.

நம் குடும்பங்களிலும் அண்டை வீடுகளிலும் இவ்வாறு நடுமுகட்டில் நிற்போர் உண்டு. அவர்களுக்காகச் செபிப்போம். செபித்தபின், சற்றுக் குனிவோம்.