பொத்தானுக்குப் பதில் நெம்புகோல்

அமெரிக்காவின் பழைய ஃபோர்டு ரேஞ்சர், முதல் தலைமுறை எக்ஸ்புளோரர் வண்டிகள் பலவற்றில் ஃபோர்-வீல் டிரைவுக்கு டேஷ்போர்டில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால், முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் போர்க்வார்னர் 1354 டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறமுள்ள சின்ன மோட்டார் சுழன்று கியரை மாற்றும். ஷோரூமில் பார்க்க அழகுதான்!

முப்பது வருஷம் போன பிறகு கதை வேறு. மோட்டார் இருப்பது வண்டிக்கு அடியில், சேறும் தண்ணீரும் தெறிக்கிற இடத்தில். உள்ளே இருக்கும் தொடுமுனைகள் துருப்பிடித்தால், கேஸ் எந்த நிலையில் நிற்கிறது என்பது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரியாமல் போகும். பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கலாம், முன்சக்கரங்களுக்குச் சக்தி போகாது. அதுவும் சேற்றில் இறங்கிய பிறகுதான் தெரியும்.

அதனால்தான் பலர் பழைய இரும்புக் கடையில் அதே 1354-இல் நெம்புகோலால் கையில் மாற்றும் வகையைத் தேடுகிறார்கள். லோ ரேஞ்ச் விகிதம் இரண்டிலும் 2.48 தான், இழுவையில் நஷ்டமில்லை. கூடுதலாக நியூட்ரல் கிடைக்கிறது. மோட்டார்ஹோமுக்குப் பின்னால் நாலு சக்கரமும் தரையில் உருள வண்டியை இழுத்துச் செல்பவர்கள் தேடுவது இதைத்தான்.

வேலை கேஸோடு முடியாது. நெம்புகோலுக்குத் தரைத்தகட்டை வெட்ட வேண்டும், இணைப்புக் கம்பிகள் வேண்டும், வேக சென்சாரையும் விளக்கு ஒயரையும் ஒழுங்குபடுத்த வேண்டும்.

கேஸை வாங்கும்முன், உங்கள் கியர்பாக்ஸோடு பொருந்துமா என்று அதன் உள்ளீட்டு ஷாஃப்ட்டின் பற்களை எண்ணிப் பாருங்கள்.