அளப்பதற்கு முன்

வட்டுக்கோட்டை விஞ்ஞானத்துக்குப் புதிய ஊரன்று. 1823 இல் இங்கு நிறுவப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியில், டானியல் பூர் காலத்திலேயே கணிதமும் வானநூலும் கற்பிக்கப்பட்டன. இன்று மாணாக்கரின் மேசையில் பன்மானியும் அலைவுகாட்டியும் வீற்றிருக்கின்றன. ஆயின், அவற்றைப் பரிசோதனைக்கு ஆயத்தஞ் செய்யும் பொறுமைதான் அருகி வருகின்றது. ஆளியைப் போட்டவுடன் தோன்றும் எண்ணை அப்படியே குறித்துக்கொள்கின்றனர். அது புத்தகத்து விடையோடு ஒவ்வாவிடின் என்ன செய்கின்றனர்? எண்ணைத் திருத்திவிடுகின்றனர்! நாம் அஞ்சுவது இதற்கே.

எண் பிழைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மிகச் சிறியது. பன்மானியின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். பூச்சியத்துக்குப் பதிலாக 0.3 ஓம் காட்டக்கூடும். அது கம்பிகளின் தடை. 1,000 ஓமை அளக்கையில் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 1 ஓமை அளக்கையிலோ பத்தில் மூன்று பங்கு பிழை. இனி, 10 இலட்சம் ஓம் தடையியின் இரு முனைகளையும் விரல்களாற் பற்றி அளக்கும் பிள்ளை, தன் உடலையும் சேர்த்தே அளக்கின்றது. உடலின் தடையும் அவ்வளவே எனின், மானி பாதியைத்தான் காட்டும். வியர்த்த கையாயின் இன்னுங் குறையும்.

எம்மூருக்கு வேறொரு தொல்லையும் உண்டு. சோளகக் காற்று அராலிப் பக்கத்துக் கடனீரேரியின் உப்பைக் கொணர்ந்து சேர்க்கும்; மாரியில் ஈரம் வந்து கூடும். உப்பும் ஈரமும் கலந்த தூசி மின்னைக் கடத்தும். ஆதலின் கார்த்திகைக்கு முன்னரே முனைகளை மதுசாரந் தோய்ந்த துணியால் துடைத்து, கருவிகளை அலுமாரியில் சிலிக்கா ஜெல் பைகளுடன் வைத்தல் நன்று. சரஸ்வதி பூசையன்று கருவிகளுக்குச் சந்தனம் இடுவோர், பெட்டியின் முகப்போடு நிறுத்திக்கொள்வார்களாக!

அலைவுகாட்டிக்கு அரைமணி நேரம் கொடுக்க வேண்டும். சூடேறி நிலைத்த பின்னரே அதன் சொல்லை நம்பலாம்.

எல்லாவற்றிலும் மேலானது உயிர். 230 வோல்ற்று மின்னைச் சீராக்கும் பெட்டியிலுள்ள கொள்ளளவி ஏறக்குறைய 325 வோல்ற்றுக்கு ஏறி நிற்கும். செருகியைக் கழற்றிய பின்னும் சிலவேளை அது அடங்காது. திருப்புளியால் தொட்டுப் பொறி பறக்கவிடுவதை வீரமென்று கருதும் இளைஞர் உளர். தகுந்த தடையி ஒன்றின் வழியே மின்னை வடியவிட்டு, மானியால் அளந்து, பூச்சியத்தைக் கண்ணாற் கண்ட பின்னரே கையை உள்ளே விடவேண்டும். இதனை நாம் செய்துகாட்டி, பின்னர் ஒவ்வொரு மாணாக்கனும் எம் முன்னிலையிற் செய்துகாட்டும்வரை, எம் வகுப்பில் எந்தப் பெட்டியின் மூடியும் திறக்கப்படுவதில்லை.