இந்த ஒளி யாருடையது?

கொதிக்கும் தங்கக் குளோரைடு கரைசலில் சிட்ரேட்டை ஊற்றினால் வெளிர்மஞ்சள் மறைந்து, சற்று நேரம் நிறமே இல்லாமல் நிற்கும். பிறகு சாம்பல் படர்ந்து, கருத்து, ஊதாவாகி, மாதுளைச் சாற்றின் சிவப்புக்கு வரும். டர்கெவிச் குழு 1951இல் எழுதிவைத்த முறை. எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவருக்கு இன்றும் இதுதான் முதல் வேலை. அந்தச் சிவப்பில் மிதப்பவை 15, 20 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள். குடுவையை இராஜதிராவகத்தால் கழுவாமல் தொடங்கியவருக்கு அந்தச் சிவப்பு சரியாக வாய்ப்பது அரிது. மேலுறை போடாமல் உப்புக் கரைசலில் விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீலமாகிவிடும். அதைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

செல்லுக்குள் துகள் தெரிய அதன்மேல் ஒளிரும் சாயத்தை ஏற்றும்போதுதான் தங்கம் தன் குணத்தைக் காட்டும். ஒளிரும் சாய மூலக்கூறு தங்கப் பரப்பை ஒட்டி உட்கார்ந்தால், அது வாங்கிய ஆற்றலைத் தங்கம் உறிஞ்சிக்கொள்ளும், சாயம் அணைந்துபோகும். சில நானோமீட்டர் தள்ளி வைத்தாலோ, அதே தங்கம் அதே சாயத்தை முன்னைவிடப் பிரகாசமாக்கவும் கூடும். ஆகவே நடுவில் சிலிக்கா உறை, பாலிமர் இழை, டி.என்.ஏ. துண்டு என்று எதையாவது வைத்து இடைவெளி விடுகிறோம். இந்த வேலையின் கைத்திறன் பெரும்பாலும் அந்த இடைவெளியில் இருக்கிறது. சிலர் அணைவதையே பயன்படுத்திக்கொள்கிறார்கள்: துகள் செல்லுக்குள் போனபின், அங்குள்ள நொதி, சாயத்தைக் கட்டிய இழையை வெட்ட, சாயம் விலகி ஒளிரும். எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

இப்படிச் சாயமேற்றிய துகளைக் கல்லீரல் புற்றில் சோதிக்க எல்லாரும் வளர்ப்பது ஹெப்ஜி2 செல்கள். அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவனின் கட்டியிலிருந்து 1970களில் எடுக்கப்பட்டவை. பெரியவர்களுக்கு வரும் கல்லீரல் புற்று என்றே வெகுகாலம் எழுதினார்கள். பிற்பாடுதான் அது சிறார்களுக்கு வரும் ஹெப்படோபிளாஸ்டோமா என்று தெளிவானது. பழைய பெயரை விடாதவர்கள் இன்னும் உண்டு. துகளின்மேல் கேலக்டோஸைக் கட்டினால் இந்தச் செல்கள் ஆவலாய் விழுங்கும். அந்தச் சர்க்கரையைப் பிடிக்கும் ஏற்பி அவற்றின் பரப்பில் இருக்கிறது. நலமான கல்லீரல் செல்லிலும் அது இருக்கிறதே என்பதுதான் சிக்கல். புற்றை மட்டும் பிரித்தறிய, நல்ல கல்லீரலில் அநேகமாகக் காணப்படாத கிளைபிக்கன்-3 போன்ற புரதத்தைக் குறிவைக்க வேண்டும்.

கன்போகல் நுண்ணோக்கியின் திரையில் பச்சையோ சிவப்போ தெரிந்ததும் மாணவர்கள் மகிழ்வார்கள். நான் கேட்பது ஒன்றே: இந்த ஒளி யாருடையது? கல்லீரல் செல் தானாகவே ஒளிரும். வைட்டமின் ஏ, ஃபிளேவின், லிப்போஃபசின் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. துகளிலிருந்து கழன்ற சாயமும் தனியே செல்லுக்குள் போகும். சில துகள்கள் உள்ளே போகாமல் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். எனவே எதுவும் சேர்க்காத செல், வெறும் சாயம் சேர்த்த செல், விழுங்கல் நின்றுபோகும் 4 டிகிரியில் வைத்த செல், எல்லாவற்றையும் ஒரே லேசர் அளவில், ஒரே கெயினில் படம் எடுக்கச் சொல்வேன். இருள்புல நுண்ணோக்கியில் தங்கம் தானே ஒளியைச் சிதறடிக்கும். அந்தப் புள்ளியும் சாயத்தின் புள்ளியும் ஒரே இடத்தில் விழுந்தால்தான் எனக்கு நம்பிக்கை. ஒப்பீட்டுக்கு எடுத்த இருண்ட படங்களைக் காட்டாத கட்டுரையின் அழகிய படத்தை நான் நம்புவதில்லை.

உடலுக்குள் போனால் கணக்கு மாறுகிறது. இரத்தத்தில் விட்ட துகள்களில் பெரும்பங்கைக் கல்லீரலின் குப்ஃபர் செல்கள் பிடித்து விழுங்கிவிடும். சோதனை விலங்குகளில் கட்டியைச் சென்றடைவது, செலுத்திய அளவில் இடைநிலையாக 0.7 சதவீதம் என்று டொரோன்டோ குழுவொன்று 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியது. ஆனால் இதே குப்ஃபர் செல்களை மருத்துவம் ஏற்கெனவே பயன்படுத்தியிருக்கிறது. 1990களில் அங்கீகாரம் பெற்ற இரும்பு ஆக்சைடு நானோ துகளைச் செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்தால், அதை விழுங்கிய நல்ல கல்லீரல் கருக்கும். குப்ஃபர் செல்கள் குறைந்த கட்டி வெளுப்பாய்த் தனித்துத் தெரியும்.

அறுவை அரங்கில் இன்று கல்லீரல் கட்டியை ஒளிரச் செய்வது துகளல்ல, இண்டோசயனின் கிரீன் என்ற வெறும் சாயம். கல்லீரல் எப்படி இயங்குகிறது என்று பார்க்க 1950களிலிருந்தே ஊசியில் போட்ட மருந்து அது. நல்ல செல் அதைப் பித்தத்தில் வெளியேற்றிவிடும். நல்ல செல்லின் இயல்பை அதிகம் இழக்காத புற்றுச் செல் வாங்கிக்கொண்டு வெளியேற்ற முடியாமல் வைத்திருக்கும். பரப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழத்தில் இருக்கும் கட்டியை அது காட்டாது. சுருங்கிப்போன கல்லீரலில் புற்றில்லாத முடிச்சுகளும் ஒளிரும். இத்தனை குறையோடும் நோயாளிக்கு இன்று பயன்படுவது அதுதான்.