தோலுக்கு வந்த மரியாதை

உருளைக்கிழங்கு சமைப்பதென்றால் தமிழ் வீடுகளில் முதல் வேலை, தோலை உரித்துக் குப்பையில் போடுவது. அமெரிக்காவின் ‘லோடட் பொட்டேட்டோ ஸ்கின்ஸ்’ இதற்கு நேர்மாறு. உள்ளே இருக்கும் சதையைச் சுரண்டி எடுத்துவிட்டு, மிஞ்சும் தோல் கிண்ணத்தை மொறுமொறுப்பாக்கி, அதில் சீஸும் பேக்கனும் நிரப்பிச் சாப்பிடுகிறார்கள். 1970-களில் அங்குள்ள உணவகங்களில் பிரபலமான பண்டம் இது. ‘முதலில் செய்தது நாங்கள்தான்’ என்று ஒன்றுக்கு மேற்பட்ட உணவகங்கள் சொல்லிக்கொள்கின்றன. சூப்பர் பவுல் ஆட்டம் நடக்கும் பிப்ரவரி ஞாயிறன்று, பல வீடுகளில் டிவி முன்னால் இந்தத் தட்டு இருக்கும்.

உணவகத்தில் அந்தத் தோலை எண்ணெயில் போட்டுப் பொரிப்பார்கள். வீட்டில் அந்த வேலையை இப்போது ஏர் ஃப்ரையர் பார்த்துக்கொள்கிறது. 2010-ல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய பிறகு பரவிய கருவி. பெயரில்தான் ‘ஃப்ரை’; உண்மையில் அது ஒரு சின்ன அவன். மேலே சூடேறும் கம்பிச்சுருள், கூடவே ஒரு விசிறி. வேகமாகச் சுழலும் சூடான காற்று ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் மேல்பக்கம் மொறுமொறுப்பாகிறது.

டெக்சாஸில் மகன் வீட்டுக்கு வந்திருந்தார்கள் ஒரு தம்பதி. அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. “ஏர் ஃப்ரையர்ல செஞ்சதுப்பா, தைரியமா சாப்பிடுங்க” என்று மகன் தட்டை நீட்டினான். அப்பா ஆசையாக மூன்றை எடுத்துக்கொண்டார்.

அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “எண்ணெய் இல்லைங்கிறது சரிடா. மேல குவிச்சிருக்கியே சீஸ், அதை எந்தக் கணக்குல எழுதறது?”

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. 100 கிராம் செடார் சீஸில் சுமார் 33 கிராம் கொழுப்பு. அதில் பாதிக்கு மேல் இதயத்துக்கு ஆகாத நிறைவுற்ற கொழுப்பு. பேக்கனில் கொழுப்போடு உப்பும் சேர்ந்து வரும். ஏர் ஃப்ரையர் மிச்சப்படுத்துவது பொரிக்கும் எண்ணெயை மட்டும்தான். மேலே நிரப்புவதற்கு அது பொறுப்பேற்காது.

அடுத்த வாரம் அம்மாவும் மகனும் சேர்ந்தே செய்தார்கள். தடித்த தோலும் நிறைய மாவுச்சத்தும் உள்ள ரஸ்ஸெட் கிழங்கு. பச்சை பாய்ந்ததையும் முளைவிட்டதையும் அம்மா ஒதுக்கிவிட்டார். சோலனைன் என்ற நச்சு அதில் கூடுதலாக இருக்கும். வேகவைத்தாலும் எளிதில் போகாது. தோலையே சாப்பிடும் பண்டத்தில் இந்தக் கவனம் ரொம்ப முக்கியம்.

மண் போகத் தேய்த்துக் கழுவி, ஈரம் துடைத்து, முள்கரண்டியால் ஆங்காங்கே குத்தி, கொஞ்சம் எண்ணெய் தடவி 200 டிகிரி செல்சியஸில் 35 முதல் 40 நிமிடம். சூடு ஆறியதும் நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஓரத்தில் அரை சென்டிமீட்டர் சதையை விட்டு மீதியைச் சுரண்ட வேண்டும். முழுக்கச் சுரண்டினால் கிண்ணம் கிழிந்துவிடும். அதிகம் விட்டால் மொறுமொறுப்பு வராது. உள்ளும் புறமும் லேசாக எண்ணெய் தடவி, முதலில் கவிழ்த்து 5 நிமிடம், பிறகு நிமிர்த்தி 5 நிமிடம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் காற்று புகாமல் நமுத்துப்போகும். பொன்னிறத்தோடு நிறுத்திவிட வேண்டும், கருகவிடக் கூடாது.

பேக்கன் இருந்த இடத்தில் வேகவைத்த சோளமும் குடமிளகாயும். சீஸ், ஒரு கிண்ணத்துக்கு ஒரு டீஸ்பூன். அது உருக இன்னும் 2 நிமிடம். துருவிய சீஸ் விசிறிக் காற்றில் பறக்கும் என்பதால் காய்க்கு அடியில் வைத்தார்கள். கடைசியில் சவர் க்ரீமுக்குப் பதிலாகக் கெட்டித் தயிர், மேலே பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள்.

அப்பா இரண்டு சாப்பிட்டார். மூன்றாவதை அவரே வேண்டாமென்று சொல்லிவிட்டார். சுரண்டி வைத்த சதை மறுநாள் காலை தோசைக்கு மசாலாவானது.