இறுகிய பனியில் நான்கு நாட்கள்



பேசின் பிரிட்ஜில் குடியிருக்கும் எங்களுக்குப் பனி என்றால் ஐஸ்தான். வானத்திலிருந்து அது விழுவதை நாங்கள் கண்டதில்லை. காசிமேட்டு ஐஸ் ஆலையில், உப்புக் கரைசலுக்குள் இறக்கிய தகரப் பெட்டிகளில் தண்ணீர் உறைந்து, நீளப் பாளமாக வெளியே வழுக்கி வருவதைத்தான் கண்டிருக்கிறோம். எங்களில் ஒருவருக்கு அத்தாவும் மற்றவருக்கு மாமாவுமான பெரியவர், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பாளங்களைக் கொக்கியால் இழுத்து, மீன்பிடி விசைப்படகுகளுக்காக உடைத்துக் கொடுத்தவர். அந்த ஈரத் தரையில் அவர் விழுந்து யாரும் பார்த்ததில்லை. "பயந்து பின்னால சாஞ்சா போச்சு. முன்னால குனிஞ்சு நட" என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸுக்கு அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஏரிப் பனியை அறுத்துக் கப்பலில் கொண்டுவந்த கதையை, ஏதோ தானே இறக்கிவைத்ததுபோல் சொல்லி மகிழ்வார்.

2022ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டவர் ஒரேயொருவர்: குல்மார்க் சரிவுகளில் சறுக்கிப் பழகிய காஷ்மீரத்து ஆரிஃப் முஹம்மது கான். அவர் சறுக்கியதைப் பெரியவரும் எங்கள் மகனும் ஒரே கைப்பேசியில் தலையொட்டிப் பார்த்தார்கள். ஜயன்ட் ஸ்லாலம் போட்டியில் அவர் 45ஆம் இடத்தில் முடித்தபோது எங்கள் வீட்டில் கைதட்டல் எழுந்தது. அங்கே போட்டி நடந்தது எந்திரங்கள் உருவாக்கிய செயற்கைப் பனியில். பெரியவர் அதைப் பார்த்ததும், "இது பனியில்லடா, நம்ம ஐஸு" என்றார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

இனிச் சொல்லப்போவது எளிதன்று. கடந்த ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, நவம்பர் மழையில், இஷாத் தொழுகை முடிந்து பெரியவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்த மகனின் பைக், பாலத்து இறக்கத்தில் சறுக்கி விழுந்தது. மகனுக்குச் சிராய்ப்பு. பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆனால் அவர் பிறகு எழுந்து நடமாடவில்லை. பிப்ரவரியில் அல்லாஹ்விடம் சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

மருத்துவமனை வராந்தாவில், முதல் இரவில், நாங்கள் மகனிடம் ஒரு சொல் சொன்னோம். "மெதுவா வந்திருக்கக் கூடாதா?" அவ்வளவுதான். அவன் பதில் சொல்லவில்லை. ஜனாஸாத் தொழுகையில் கடைசி ஸஃப்பில் போய் நின்றான். மய்யித்தைத் தண்ணீராலும் பனியாலும் ஆலங்கட்டியாலும் கழுவித் தூய்மையாக்குமாறு இறைஞ்சும் துஆவை, வாழ்நாளெல்லாம் ஐஸோடு கழித்த ஒருவருக்காக ஓதியபோது எங்கள் நாக்கு தடுமாறியது. அதன்பின் மகன் பைக்கைத் தொடவில்லை. வீட்டில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்பவனாக ஆகிவிட்டான்.

நன்னியின் இத்தா நான்கு மாதம் பத்து நாளும் முடிந்தது. "புள்ளையக் கூட்டிக்கிட்டு எங்கயாச்சும் போயிட்டு வாங்க. அவரு பார்க்காத அந்தப் பனியையாவது பார்க்கட்டும்" என்று அவரே சொன்னார். மௌத்து நடந்த வீட்டில் உல்லாசப் பயணமா என்று உறவில் சிலர் கேட்டனர். அவர்களுக்குச் சொல்ல எங்களிடம் விடையிருக்கவில்லை. டிசம்பர் விடுமுறையில், மகளையும் மகனையும் அழைத்துக்கொண்டு, அந்தமான் விரைவு வண்டியில் ஜம்மு வரை சென்றோம். அங்கிருந்து சாலை வழியே ஸ்ரீநகர். ஸ்ரீநகரிலிருந்து தங்மார்க் வழியாக ஐம்பது கிலோமீட்டரில் குல்மார்க்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில், கிண்ணம்போல் குழிந்த புல்வெளி அது. 1927இல் ஆங்கிலேயப் படை அதிகாரிகள் அங்கே சறுக்கு மன்றம் அமைத்தனர். 1998இல் கொங்டூரி வரையிலும், 2005இல் அதற்கும் மேலே அஃபர்வத் மலைத்தோள் வரையிலும் கேபிள் கார் வந்தது. படங்களில் காணும் முழங்கால் ஆழப் பஞ்சுப் பனி பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் விழுவது. நாங்கள் போனது 'சில்லை கலான்' எனப்படும் நாற்பது நாள் கடுங்குளிரின் தொடக்கத்தில். கடைசியாகப் பனி பெய்து பத்து நாள் ஆகியிருந்தது. பகலில் வெயிலில் மேற்பரப்பு இளகும். இரவில் மீண்டும் உறையும். அதன்மேல் எந்திரம் ஓடி அழுத்திச் சமன்செய்யும். காலையில் தடம் முழுவதும் சீப்பு வாரியதுபோல் வரிவரியாக, பார்க்க அழகாக இருக்கும். காலை வைத்தால் சிமெண்டுத் தரை. தடத்தை விட்டு விலகவும் வழியில்லை. பருவத் தொடக்கத்தில் பனிப் போர்வை மெல்லியது, அதற்கடியில் கல்லும் புதரும் காத்திருக்கும்.

முதல் நாள் வாடகைக்கு எடுத்த சறுக்குப்பலகைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடைக்காரர் சிரித்த முகத்துடன் கொடுத்தார். நாங்களும் சிரித்த முகத்துடன் வாங்கினோம். காலை முழுவதும் மகன் விழுந்துகொண்டே இருந்தான். எங்களுக்குக் கற்றுக்கொடுக்க வந்த தங்மார்க் இளைஞர், பலகையைத் திருப்பி அதன் எஃகு விளிம்பில் தம் நகத்தை இழுத்துக் காட்டினார். கூரான விளிம்பு நகத்தைச் சிறிதளவு சீவும். இதுவோ வழவழவென்று ஓடியது. இறுகிய பனியில் பிடிமானம் தருவது அந்த மெல்லிய விளிம்பு ஒன்றுதான். அது மழுங்கினால் எவ்வளவு திறமையும் பயன்படாது. மறுநாள் வேறு கடை. முதற்காரியமாக விளிம்பில் நகத்தை வைத்தோம். கடைக்காரர் முறைத்தார், பாதகமில்லை.

மகள் ஸ்னோபோர்டுதான் வேண்டும் என்றாள். ஒரே பலகையில் இரு கால்களையும் பூட்டிக்கொண்டு, ஒரு விளிம்பில் மட்டும் நிற்கும் வித்தை அது. தவறான விளிம்பு பனியில் மாட்டினால் எச்சரிக்கையின்றித் தூக்கி எறியும். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு போய்விடும், முஷ்டியை மூடி முன்கையால் விழு என்று அந்த இளைஞர் முதலிலேயே பயிற்றுவித்தார். அவள் அன்று எத்தனை முறை விழுந்தாள் என்பதை எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் "பிஸ்மில்லாஹ்" என்று எழுந்தாள். இரவில் உட்கார முடியாமல் தலையணை கேட்டாள். அவளைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை.

மகன்தான். சரிவைக் கண்டதும் அவன் உடல் தானாகப் பின்னால் சாயும். சாய்ந்ததும் முன்பக்க விளிம்பின் அழுத்தம் போய்விடும். பலகை அவனைவிட்டு ஓடும். "நீச்சே தேக்கோ, ஆகே ஜுக்கோ" என்று இளைஞர் கத்துவார். கீழே பார், முன்னால் குனி. அதைக் கேட்டு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காசிமேட்டில் கேட்ட அதே வார்த்தை.

இரண்டாம் நாள் முழுக்கக் கீழே இறங்கக் கற்றுத்தரவில்லை. பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, விளிம்பைச் சற்றே தளர்த்தினால் பக்கவாட்டில் வழுக்கும். மெல்லச் சாய்த்தால் நிற்கும். இதையே நூறு முறை. விளிம்பை வெடுக்கென்று அழுத்தினால் பனி சிதறிப் பிடி விட்டுப்போகும். எடையைக் கீழ்க்காலில் வைத்து, மெள்ள மெள்ளக் கூட்டினால்தான் அது கடிக்கும். சாம்பல் நீலமாய் மின்னும் இடம் கண்ணாடி, அங்கே திரும்பாதே, நேராகக் கட. வெண்மையாய் மங்கித் தெரியும் இடத்திலும், பிறர் சுரண்டிய பனி ஒதுங்கிக் கிடக்கும் ஓரத்திலும் திரும்பு. காலை பதினொரு மணிக்கு முன் அவசரப்படாதே. வெயில் ஏறிப் பனி இளகும் நேரமும் ளுஹர் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்ததில் எங்களுக்குள் சிறு வாக்குவாதம் நடந்ததை மறைப்பதற்கில்லை. அறைக்குத் திரும்பிக் கஸ்ராக இரண்டு ரக்அத் தொழுதுவிட்டே மீண்டும் சென்றோம். தோல் காலுறைமீது மஸ்ஹு செய்யப் பயணிக்கு மூன்று நாள் சலுகை உண்டென்று மதரஸாவில் படித்தது, அந்தத் தண்ணீரைத் தொட்ட பிறகுதான் உடம்புக்குப் புரிந்தது. கிப்லாவும் மாறியிருந்தது. சென்னையில் மேற்கிலிருந்து சற்று வடக்கே திரும்பித் தொழுபவர்கள், அங்கே சற்றுத் தெற்கே திரும்பி நின்றோம்.

அன்று மாலை மகன் கையுறையைக் கழற்றி, சுரண்டிக் கிடந்த பனியைக் கையில் அள்ளினான். "ஜனாஸா துஆவுல வர்ற ஸல்ஜ் இதானா அத்தா?" என்றான். ஆமாம் என்றோம். அதற்குமேல் அவனும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

நான்காம் நாள் அவன் கொங்டூரித் தடத்தின் கடைசிச் சரிவில் இறங்கினான். நாங்கள் கீழே நின்றிருந்தோம். பாதியில் சாம்பல் நீலப் பட்டை ஒன்று குறுக்கே கிடந்தது. அவன் அங்கே மிரண்டு விளிம்பை அழுத்துவான், விழுவான் என்றே எதிர்பார்த்தோம். எங்களில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டது உண்மை. அவன் அழுத்தவில்லை. பலகைகளைத் தட்டையாக விட்டு, அந்தப் பட்டையைக் கடந்து, வெண்மையான ஓரம் வந்ததும் மெள்ளச் சாய்த்துத் திரும்பினான். எங்களுக்கு ஓரடி முன்னால் வந்து நின்றான். மூச்சு வாங்கியது.

"நான் அன்னைக்கு வேகமா வரல அத்தா" என்றான். "மெதுவாத்தான் வந்தேன். நாய் குறுக்கே வந்துச்சு. முன்பிரேக்கை ஒரேடியாப் பிடிச்சுட்டேன். ஈரத்துல அப்படிப் பிடிச்சிருக்கக் கூடாது. இதேதான். விட்டு விட்டுப் பிடிச்சிருக்கணும்."

ஓராண்டுக்கு மேலாக அவன் அதைத் தனக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். நாங்கள் ஒருமுறைகூட என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கேட்டதெல்லாம் மெதுவாக வந்திருக்கக் கூடாதா என்ற ஒன்றைத்தான். அந்தச் சரிவின் அடியில், சறுக்குப்பலகை மாட்டிய ஆட்கள் எங்களைச் சுற்றி வளைத்துப் போய்க்கொண்டிருக்க, நாங்கள் சொன்னது தவறு, எங்களை மன்னித்துவிடு என்று அவனிடம் கேட்டோம். பெற்றோர் பிள்ளையிடம் கேட்பது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. வார்த்தை கோர்வையாக வரவில்லை. அவன் தலையை மட்டும் அசைத்தான். பிறகு, "இன்னொரு தடவை போயிட்டு வரேன், நிழல் விழுந்தா மறுபடி இறுகிடும்" என்று கேபிள் காரை நோக்கி நடந்தான்.

திரும்பும் வண்டி, வழக்கம்போல, சென்ட்ரலில் நடைமேடை கிடைக்காமல் பேசின் பிரிட்ஜில் நின்றது. சன்னல் வழியே எங்கள் தெருமுனை தெரிந்தது. மகள் பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மகன் வெளியே பார்த்தபடி, பைக்கின் பேட்டரி இறங்கிப் போயிருக்குமே, மெக்கானிக்கை வரச் சொல்லலாமா என்று கேட்டான்.